மல்டிவிட்டமின் வாங்கப் போகிறீர்களா? முதலில் போத்தலைத் திருப்பிப் பாருங்கள்

அம்மாவுக்கு ஒரு விட்டமின் மாத்திரை வாங்கிக் கொடுக்கச் சொன்னது வைத்தியர் அல்ல, பக்கத்து லயத்து, அதாவது தோட்டத்து வரிசை வீட்டு, அத்தை. “உடம்பில் சத்தே இல்லை, ஒரு போத்தல் குடித்தால் எழுந்து நடப்பாள்” என்றார். சரியென்று ஹட்டன் நகரத்துப் பார்மசிகளில் ஏறி இறங்கினேன். கடைக்குக் கடை வேறு வேறு போத்தல் நீட்டினார்கள். விலையும் ஒன்றுக்கொன்று பல மடங்கு வித்தியாசம். இவற்றில் எது நல்லது என்று கேட்டால், “டீச்சர், இதுதான் நன்றாகப் போகிறது” என்பதைத் தவிர வேறு பதில் கிடைக்கவில்லை. நன்றாகப் போகிற சாமானெல்லாம் நல்ல சாமான் என்றால் நம் ஊரில் சாராயத்துக்குத்தான் முதல் பரிசு.

அந்த அலைச்சலில் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை வரிசைப்படுத்தி எழுதுகிறேன். நான் வைத்தியரில்லை. நோய்க்கு மருந்து சொல்ல வரவில்லை. இலங்கை மலையகத்தில் முதல் தடவையாக இப்படி ஒரு போத்தல் வாங்கப் போகிறவர், கையிலிருக்கும் காசை வீணாக்காமல் திரும்பி வர வேண்டும். அதற்காகத்தான் இது.

1. பணப்பைக்கு முன் கிளினிக் கொப்பியை எடுங்கள்

உங்களுக்கு வேண்டியது ஏற்கெனவே இலவசமாகக் கிடைக்கிறதா என்று பாருங்கள். கர்ப்பிணித் தாய்மாருக்கு இரும்பு, ஃபோலிக் அமிலம், விட்டமின் சி, கல்சியம் மாத்திரைகள் அரசாங்கக் கிளினிக்கில் இலவசம். திரிபோஷ என்கிற சத்துமாவும் அங்கேதான். உங்கள் பகுதிக் குடும்ப நல உத்தியோகத்தரிடம், அதாவது நாம் மிட்வைஃப் அம்மா என்று சொல்கிறவரிடம், பதிந்திருந்தால் போதும். கல்யாணமாகிக் குழந்தைக்கு ஆயத்தமாகிறவர்களும் ஃபோலிக் அமிலத்தை முன்கூட்டியே கேட்டு வாங்கலாம். கரு உருவான முதல் சில வாரங்களிலேயே குழந்தையின் முதுகுத்தண்டு உருவாகிவிடுவதால், மாதவிடாய் தள்ளிப்போன பிறகு தொடங்குவது பல நேரம் தாமதம்.

கிளினிக் மாத்திரை எடுத்துக்கொண்டிருக்கும் கர்ப்பிணி, கேட்காமல் கடையில் இன்னொரு மல்டிவிட்டமின் வாங்கிச் சேர்க்கக் கூடாது. பல போத்தல்களில் ரெட்டினோல் வடிவில் விட்டமின் ஏ இருக்கிறது. அது அளவு மீறினால் வயிற்றிலிருக்கும் குழந்தைக்கு ஊனம் வரலாம். இலவச மாத்திரையில் சத்திருக்காது என்று சொல்லும் மாமியார்மார் எல்லாத் தோட்டத்திலும் இருக்கிறார்கள். அவர்களைச் சமாளிப்பது உங்கள் திறமை.

நீரிழிவு, தைரொய்ட், இதயம் என்று ஏதாவது ஒன்றுக்குக் கிளினிக் போகிறவர்கள் கொப்பியோடு, இப்போது போடும் மாத்திரைகளின் வெறும் கார்டுகளையும் ஒரு பையில் போட்டுக்கொள்ளுங்கள். வெள்ளை மாத்திரை, சின்ன மாத்திரை என்று சொன்னால் யாருக்கும் புரியாது. எதற்காக இவ்வளவு சொல்கிறேன் என்றால்:

இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் போடுகிறவருக்கு விட்டமின் கே உள்ள மாத்திரை அந்த மருந்தின் வேலையையே கெடுக்கும். தைரொய்ட் குறைவுக்குத் தைரொக்சின் போடுகிறவர் இரும்பும் கல்சியமும் உள்ள எதையும் நான்கு மணி நேரம் தள்ளித்தான் போட வேண்டும். சிப்ரோஃப்ளொக்சசின், டொக்சிசைக்ளின் போன்ற நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகளையும் இவற்றோடு சேர்த்து விழுங்கக் கூடாது. நீரிழிவுக்கு மெட்ஃபோமின் பல வருடம் போட்டவருக்கு விட்டமின் பி12 குறைந்திருக்கலாம். அம்மாவின் விஷயத்தில் வைத்தியர் முதலில் கேட்டதே மெட்ஃபோமின் எவ்வளவு காலம் போட்டார் என்றுதான்.

2. சோர்வுக்குக் காரணம் தெரியாமல் போத்தல் வாங்காதீர்கள்

தலைசுற்றல், மூச்சு வாங்குதல், மலை ஏறினால் கால் கனத்தல் எல்லாவற்றையும் சத்துக்குறைவு என்று ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறோம். அருகிலிருக்கும் அரசாங்க வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்குக் காலையிலேயே போய், இரத்த அணுக்களை எண்ணிப் பார்க்கும் எஃப்.பி.சி. என்கிற பரிசோதனை வேண்டுமா என்று கேளுங்கள். அங்கே அதற்குக் காசில்லை. தனியார் ஆய்வுகூடத்திலும் இது விலை குறைந்த பரிசோதனைகளில் ஒன்று. பி12, விட்டமின் டி அளவுகளைப் பார்ப்பதற்குத்தான் செலவு கூடும். அவற்றை வைத்தியர் எழுதிக் கொடுத்தால் மட்டும் செய்யுங்கள். ஐம்பது அறுபது பரிசோதனை சேர்ந்த தள்ளுபடிப் பொதி என்று விளம்பரம் வந்தால் கண்டுகொள்ள வேண்டாம்.

இரத்தசோகை என்று வந்தாலும் உடனே இரும்புக்கு ஓடக் கூடாது. கொக்கிப்புழுவால் இரத்தம் போய்க்கொண்டிருந்தால் முதலில் பூச்சி மருந்து. பரம்பரையாக வரும் தலசீமியா என்கிற இரத்தக் குறைபாட்டின் கூறு உள்ளவர்களின் இரத்த அணுக்களும் இரும்புக் குறைவில் போலவே சிறிதாகத் தெரியும், ஆனால் அவர்களில் பலருக்கு இரும்பு தேவையே இல்லை. உடம்பில் சேமித்திருக்கும் இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவைப் பார்த்தால் வித்தியாசம் தெரியவரும்.

உண்மையிலேயே இரும்புக் குறைவு என்றாலும் மல்டிவிட்டமின் அதைத் தீர்க்காது. வைத்தியசாலையில் கொடுக்கும் 200 மில்லிகிராம் ஃபெரஸ் சல்ஃபேட் மாத்திரையில் சுமார் 65 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. மல்டிவிட்டமினில் பெரும்பாலும் 18 அல்லது அதற்கும் குறைவு. அந்த மலிவான மாத்திரையைத்தான் மாதக்கணக்கில் விடாமல் போட வேண்டும். இரத்த அளவு சரியான பிறகும் சுமார் மூன்று மாதம் தொடரச் சொல்வார்கள். முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்ததும் நிறுத்திவிடுவதுதான் நம்மவர்களின் வழக்கம்.

அப்படியானால் மல்டிவிட்டமின் யாருக்கு? சாப்பாடு குறைந்துபோன முதியவர்கள், மீன் முட்டை பால் எதையும் தொடாதவர்கள், நீண்டகால மருந்தால் சத்துக் குறைந்தவர்கள், வைத்தியர் போடச் சொன்னவர்கள். மற்றவர்களுக்கு அதே காசில் முட்டை, நெத்திலிக் கருவாடு, பச்சைப்பயறு, முருங்கைக் கீரை, கொய்யா வாங்கினால் வீடு முழுவதும் சாப்பிடலாம். மல்டிவிட்டமின் மாரடைப்பையும் புற்றுநோயையும் தடுக்கிறது என்று சொல்லப் போதிய ஆதாரமில்லை என்றுதான் 2022இல் அமெரிக்கத் தடுப்பு மருத்துவ நிபுணர் குழு சொன்னது. அதே குழு, அந்த நோக்கத்துக்காக, உடம்பில் விட்டமின் ஏயாக மாறும் பீட்டா கரோட்டினும் விட்டமின் ஈயும் எடுக்க வேண்டாம் என்றும் சொன்னது. புகை பிடிக்கிறவர்கள் பீட்டா கரோட்டின் கூடுதலாக உள்ள மாத்திரையைத் தொடவே வேண்டாம். அவர்களுக்கு நுரையீரல் புற்று கூடியதை ஆய்வுகள் கண்டிருக்கின்றன.

3. எங்கே வாங்குவது

உரிமம் சுவரில் தொங்கும் பார்மசியில், மருந்தாளர் இருக்கும் நேரத்தில். அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனத்தின் ஒசுசல மருந்துக்கடை இருக்கும் நகரத்துக்கு வேறு வேலையாகப் போனால் அங்கேயும் விலை விசாரியுங்கள்.

நம் பக்கத்துப் பார்மசிகளில் ஒரு பழக்கம். பத்து மாத்திரைக் கார்டில் ஆறு கேட்டால் கத்தரிக்கோலால் வெட்டி, சின்னக் காகித உறையில் போட்டு, மேலே காலை ஒன்று இரவு ஒன்று என்று கிறுக்கிக் கொடுப்பார்கள். காலாவதித் திகதி அச்சடித்த ஓரம் கடையிலேயே தங்கிவிடும். முழுக் கார்டாக வாங்குங்கள். முடியாவிட்டால் திகதியுள்ள பக்கத்தை வெட்டித் தரச் சொல்லுங்கள். பெரிய டப்பாவிலிருந்து எண்ணிப் போடும் உதிரி மாத்திரையை வாங்கவே வேண்டாம்.

இனி, வாங்கக் கூடாத இடங்கள். முதலாவது, வீட்டுக்கு வரும் முகவர். அவர் சொந்தக்காரராகவோ, கூடப் படித்தவராகவோ, கோயிலில் பார்ப்பவராகவோதான் இருப்பார். சீனி வியாதி முதல் குழந்தையின்மை வரை எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரே போத்தல் இருக்கும். ஒரு தோட்டத்தில் நடந்த கூட்டத்துக்கு என்னையும் அழைத்துப் போனார்கள். பேச்சில் கால்வாசி சத்தைப் பற்றி, மீதி முழுக்க உங்களுக்குக் கீழே இரண்டு பேரைச் சேர்த்தால் எவ்வளவு வரும் என்பதைப் பற்றி. ஆள் சேர்ப்பதில் வருமானம் வரும் பிரமிட் திட்டங்கள் இலங்கையில் வங்கிச் சட்டத்தின்படி தடை செய்யப்பட்டவை. போத்தல் நல்லதாகவே இருந்தாலும் அதன் விலைக்குள் மேலே இருக்கும் அத்தனை பேரின் பங்கும் இருக்கிறது.

இரண்டாவது, முகநூல் விற்பனை. கொண்டுவந்து கொடுத்ததும் காசு என்பார்கள். பெட்டியைத் திறக்க விடமாட்டார்கள், பில்லும் இருக்காது.

மூன்றாவதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். டுபாயிலிருந்தும் கட்டாரிலிருந்தும் வரும் அக்கா கொண்டுவரும் போத்தல். அன்பு குறைவில்லை. ஆனால் மூடியின் உள்ளே இருக்கும் தாள் முத்திரை கிழியாமல் இருக்கிறதா, திகதி இருக்கிறதா என்று அதையும் பாருங்கள். அவருடைய வயதுக்கும் உடம்புக்கும் வாங்கியது உங்கள் அம்மாவுக்குப் பொருந்துமா என்பது தனிக் கேள்வி.

4. போத்தலைத் திருப்புங்கள்

முன்பக்கத்தில் குதிரை ஓடும், சூரியன் உதிக்கும், வெள்ளைக்காரத் தாத்தா சிரிப்பார். அதில் உங்களுக்கு வேண்டிய தகவல் ஒன்றுமில்லை. பின்பக்கம் எழுத்து சிறிது. கைப்பேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் படியுங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

ஒரு வேளை அளவு. முதலில் இதைப் பாருங்கள். அட்டவணையில் போட்டிருக்கும் கணக்கு ஒரு மாத்திரைக்கா, இரண்டுக்கா, மூன்றுக்கா? 60 மாத்திரைப் போத்தலில் ஒரு வேளைக்கு இரண்டு என்றிருந்தால் அது இரண்டு மாதத்துக்கல்ல, ஒரு மாதத்துக்குத்தான் வரும்.

பெயர் வாரியாக அளவு. ஒவ்வொரு சத்தும் எத்தனை மில்லிகிராம், மைக்ரோகிராம் என்று தனித்தனியே எழுதியிருக்க வேண்டும். எல்லாவற்றையும் சேர்த்துத் தனிக் கலவை 500 மில்லிகிராம் என்று ஒரே எண்ணாகப் போட்டிருந்தால் அதை அலமாரியிலேயே வைத்துவிடுங்கள். உள்ளே எது எவ்வளவு என்று சொல்ல விரும்பாத நிறுவனத்துக்கு நாம் ஏன் காசு கொடுக்க வேண்டும்?

சதவீதம். பக்கத்தில் நாளாந்தத் தேவையின் சதவீதம் இருக்கும். பெரும்பாலானவை 100 சதவீதத்தை ஒட்டியிருப்பது நல்ல போத்தல். 3,000, 5,000 சதவீதம் என்று பி விட்டமின்களை அள்ளிப் போட்டிருப்பது பலமல்ல, விளம்பரம். மிஞ்சியதில் பெரும்பகுதி சிறுநீரில் மஞ்சளாகப் போய்விடும். ஆனால் பி6 அப்படியல்ல, நீண்டகாலம் அதிகமாகப் போனால் கைகால் நரம்பையே பாதிக்கும்.

சேர்மமா, சத்தா. கல்சியம் காபனேட் 1,250 மில்லிகிராம் என்றால் அதில் கல்சியம் 500தான். இரும்பிலும் இதே தந்திரம். பெரிய எண்ணைப் பார்த்து மயங்காமல், உள்ளே இருக்கும் சத்தின் அளவு தனியாகப் போட்டிருக்கிறதா என்று தேடுங்கள்.

சர்வதேச அலகு. விட்டமின் டியை ஒரு போத்தலில் மைக்ரோகிராமிலும் இன்னொன்றில் ஐ.யூ. என்றும் போட்டிருப்பார்கள். ஒரு மைக்ரோகிராம் 40 ஐ.யூ. ஆகவே 15 மைக்ரோகிராமும் 600 ஐ.யூ.வும் ஒன்றே. ஒப்பிடும்போது இதில்தான் பலர் தடுமாறுகிறார்கள்.

கடைக்கு எடுத்துப் போக ஒரு சின்னக் கணக்கு, வளர்ந்தவர்களுக்கு. அமெரிக்கப் பரிந்துரைகளிலிருந்து எடுத்தது:
விட்டமின் டி 600 ஐ.யூ., எழுபது வயது தாண்டியவருக்கு 800.
பி12 2.4 மைக்ரோகிராம்.
ஃபோலேட் (ஃபோலிக் அமிலச் சத்து) 400 மைக்ரோகிராம்.
துத்தநாகம் ஆணுக்கு 11, பெண்ணுக்கு 8 மில்லிகிராம்.
இரும்பு ஆணுக்கும் மாதவிடாய் நின்ற பெண்ணுக்கும் 8, மாதவிடாய் வரும் வயதுப் பெண்ணுக்கு 18 மில்லிகிராம்.

கடைசி வரியால்தான் வீட்டுக்கு ஒரே போத்தல் சரிவராது. தாத்தாவுக்கு இரும்பில்லாததோ மிகக் குறைந்ததோ போதும். ரெட்டினோல் வடிவ விட்டமின் ஏ எல்லா வழியாகவும் சேர்த்து ஒரு நாளைக்கு 3,000 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. மீன் எண்ணெய் மாத்திரையும் மல்டிவிட்டமினும் சேர்த்துப் போடுகிறவர்கள், முக்கியமாக அந்த எண்ணெய் கொட் மீனின் ஈரலில் எடுத்ததாக இருந்தால், இரண்டு போத்தலையும் கூட்டிப் பாருங்கள்.

திகதி. சில நாடுகளில் மாதத்தை முதலில் எழுதுவார்கள். 05/09 என்றிருந்தால் எது மாதம் என்று தயாரித்த திகதியோடு ஒப்பிட்டால் சில நேரம் தெரியவரும். ஸ்டிக்கரின் மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் நகத்தால் ஓரத்தைக் கிளப்பிப் பாருங்கள். நான் அப்படிக் கிளப்பியபோது அடியில் ஒரு பழைய திகதி எட்டிப் பார்த்தது. கடைக்காரர் போத்தலை மெல்ல வாங்கி உள்ளே வைத்துக்கொண்டார். திகதி முடியக் குறைந்தது ஆறு மாதமாவது இருக்க வேண்டும். பாதி விலை என்று சொன்னால் முதலில் திகதியைத்தான் பார்க்க வேண்டும்.

இலங்கை இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும், தொகுதி இலக்கம், உச்ச சில்லறை விலை ஆகியவையும் இருக்க வேண்டும்.

முத்திரைகள். யு.எஸ்.பி. சரிபார்ப்பு, என்.எஸ்.எஃப். சான்று ஆகியவை, எழுதியிருப்பது உள்ளே இருக்கிறதா என்று வெளியார் சோதித்ததைக் குறிப்பவை. சின்னத்தை யாரும் அச்சடித்துக்கொள்ளலாம் என்பதால் அந்த அமைப்பின் இணையத்தளப் பட்டியலில் பொருளின் பெயரைத் தேடிப் பாருங்கள். ஜி.எம்.பி. என்பது தொழிற்சாலை நடத்தும் முறைக்கானது. எஃப்.டி.ஏ. அங்கீகாரம் பெற்றது என்று போட்டிருந்தால் உஷாராகுங்கள், அமெரிக்காவின் அந்த அமைப்பு ஊட்டச்சத்து மாத்திரைகளுக்கு விற்பனைக்கு முன் அங்கீகாரம் கொடுப்பதே இல்லை. இங்கே மருந்துகளைப் பதிவு செய்வது, 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த தேசிய மருந்துகள் ஒழுங்குமுறை அதிகாரசபை. மருந்து என்று சொல்லி விற்றால், அங்கே பதிவானதா என்று மருந்தாளரிடம் கேட்கலாம்.

5. விலையை நாளுக்கு வகுத்துப் பாருங்கள்

போத்தல் விலையை அது எத்தனை நாளைக்கு வரும் என்பதால் வகுக்க வேண்டும். பேச்சுக்கு, 2,400 ரூபாய்ப் போத்தலில் 60 மாத்திரை, நாளைக்கு இரண்டு என்றால் ஒரு நாளுக்கு 80 ரூபாய். 1,500 ரூபாய்ப் போத்தலில் 30 மாத்திரை, நாளைக்கு ஒன்று என்றால் 50 ரூபாய். மாத்திரைக் கணக்கில் மட்டும் பார்த்திருந்தால் முதலாவதுதான் மலிவு போலத் தெரிந்திருக்கும். மூன்று மாதத்துக்கு எவ்வளவு என்று பெருக்கி, அதை நாட்சம்பளத்தோடு வைத்துப் பாருங்கள். பாதியில் நிறுத்தப் போகிற விலையுயர்ந்த போத்தலை விட, தொடர்ந்து வாங்கக்கூடிய சாதாரண போத்தல் மேல்.

மிட்டாய் போன்ற கம்மி விட்டமினில் சீனி இருக்கிறது, பெரும்பாலானவற்றில் இரும்பு கிடையாது, விலையும் கூட. தண்ணீரில் கரைந்து நுரைக்கும் மாத்திரையில் சோடியம் இருப்பதால் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் கேட்டுவிட்டு வாங்குங்கள். முதல் தடவை சின்னப் போத்தலே போதும், வயிற்றுக்கு ஒத்துவருகிறதா என்று பார்த்துப் பெரியதுக்குப் போகலாம்.

6. தேநீரோடு விழுங்காதீர்கள்

நம் பக்கத்தில் அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான். தேயிலையில் இருக்கும் பொலிஃபீனோல்கள் மாத்திரையிலும் பருப்பு, கீரையிலும் இருக்கும் இரும்பைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேர விடுவதில்லை. அதிகாலையில் எழுந்து ஒரு கோப்பை வெறுந்தேநீர், ரொட்டியோடு இன்னொன்று, வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக்களத்துக்குப் போகும் முன் கடைசியாக ஒரு மிடறு. அந்த நேரத்தில் இரும்புள்ள மாத்திரையைப் போட்டால் பாதிக்காசு தேநீருக்குப் போய்விடும். பால் சேர்த்தாலும் சரியாகாது.

கொழுந்து எடுக்கப் போகிறவர்களுக்கு எனக்குத் தெரிந்து தோதான நேரம் இரவுச் சாப்பாடு. சோறும் கறியும் சாப்பிட்டதும் தண்ணீரோடு விழுங்குங்கள். ஏ, டி, ஈ, கே விட்டமின்கள் எண்ணெய்ச் சத்தோடுதான் நன்றாகச் சேரும், தேங்காய்ப்பால் கறி அதற்குப் போதும். அதற்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது தேநீர் வேண்டாம். தேசிக்காய் பிழிந்த சம்பலோ கொய்யாவோ கூட இருந்தால் இரும்பு இன்னும் நன்றாகச் சேரும். கல்சியம் தனி மாத்திரையாக இருந்தால் வேறு நேரத்துக்கு மாற்றுங்கள், அது இரும்போடு போட்டி போடும்.

சிறுநீர் பளிச்சென்று மஞ்சளாவதும், இரும்பால் மலம் கறுப்பதும் பயப்படுகிற விஷயமல்ல. இரும்பு எடுக்காதவருக்கு மலம் தார் போலக் கறுத்தால் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். முடி வளர பயோட்டின் அதிகமாக எடுப்பவர்கள், பரிசோதனைக்கு இரத்தம் கொடுக்கும்போது அதைச் சொல்லிவிடுங்கள். தைரொய்ட் போன்ற சில பரிசோதனை முடிவுகளை அது பிறழ வைக்கும்.

7. வைக்கும் இடம்

மலையில் வெயில் பிரச்சினையில்லை, ஈரம்தான். மழைக்காலத்தில் உப்பே நீர்விடும் வீட்டில் மாத்திரை என்ன செய்யும்? ஜன்னலோரம், அடுப்பு மேல்தட்டு இரண்டும் வேண்டாம். உள்ளே இருக்கும் ஈரம் உறிஞ்சும் சின்னப் பையை வெளியே எறியாதீர்கள், பழைய ஜாம் போத்தலுக்கு மாற்றாதீர்கள். புள்ளி விழுந்த, ஒட்டிக்கொண்ட மாத்திரையைப் போட வேண்டாம்.

பிள்ளைகளின் கைக்கு எட்டாத உயரம் முக்கியம். இரும்பு மாத்திரைகளை மிட்டாய் என்று நினைத்து விழுங்கினால் சிறு குழந்தையின் உயிருக்கே ஆபத்து. அப்படி நடந்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்க முயலாமல், 1990க்கு அழைத்து சுவசெரிய ஆம்புலன்ஸை வரவழையுங்கள். தோட்டத்துப் பாதையில் வண்டி வர நேரமாகும் என்றால் கிடைக்கும் வாகனத்தில் கிளம்புங்கள். காலிப் போத்தலையும் கையோடு கொண்டுபோங்கள், எத்தனை போயிருக்கும் என்று வைத்தியர் கணக்கிட அது வேண்டும்.

8. பில் வாங்குங்கள்

பொருளின் பெயர், திகதி, விலை எழுதிய பில். துண்டுக் காகிதத்தில் மொத்தத் தொகை மட்டும் இருந்தால் அது பில்லல்ல. போத்தல் முடியும் வரை பில்லையும் பெட்டியையும் வைத்திருங்கள். அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கினாலோ, திகதி முடிந்ததை விற்றாலோ நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்குச் சொல்லலாம். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் காட்டலாம். முறையிடும்போது பில், போத்தல், தொகுதி இலக்கம் தெரியும் படம் மூன்றும் கேட்பார்கள். போத்தலைக் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள், கொடுக்க வேண்டியிருந்தால் பெற்றுக்கொண்டதாக எழுதி வாங்குங்கள்.

மூன்று மாதம் போட்ட பிறகு அதே வெறும் போத்தலோடு கிளினிக்குக்குப் போய், இன்னும் வேண்டுமா என்று வைத்தியரிடம் கேளுங்கள். அம்மாவுக்கு இப்போது பி12 மட்டும் போதும் என்று சொல்லிவிட்டார்கள்.